வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கு விளக்கு எத்தனை மணி நேரம்? 12, 16, 18, 24: ஓர் ஒப்பீடு

எல்இடி க்ரோ லைட் வைத்து வீட்டுக்குள் செடி வளர்க்கத் தொடங்குபவர்கள் சீக்கிரமே முட்டி நிற்கும் இடம் டைமர்தான். விளக்கு வாங்கியாயிற்று, தொட்டி வந்தாயிற்று, விதையும் முளைத்துவிட்டது. இனி எத்தனை மணி நேரம் எரிய விடுவது? ஒருவர் 12 போதும் என்கிறார். இன்னொருவர் 18க்குக் குறைந்தால் வீண் என்கிறார். அணைக்கவே வேண்டாம் என்பவரும் உண்டு. மூவரும் தங்கள் செடியைக் காட்டி, "நன்றாகத்தானே வளர்கிறது" என்கிறார்கள். பொய்யில்லை. ஒருவர் வளர்ப்பது பாலக் கீரை, இன்னொருவர் மிளகாய், மூன்றாமவர் லெட்டூஸ். செடியும் விளக்கும் வேறு வேறாக இருக்கும்போது மணிக்கணக்கை மட்டும் கடன் வாங்கிப் பயனில்லை.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதில்: எதுவும் தெரியாவிட்டால் 16 வைத்துத் தொடங்குங்கள். அதிலிருந்து எப்போது விலக வேண்டும் என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது?

செடி இருட்டை எண்ணுகிறதா? எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி இது. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் இருவரும் 1920இல் வெளியிட்ட ஆய்வில் மேரிலாண்ட் மம்மத் என்ற புகையிலை வகை வருகிறது. கோடையில் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் செடி அது. தினமும் சில மணி நேரம் இருட்டில் வைத்துப் பகலைக் குறைத்ததும் பூத்தது. செடிக்கு நாளின் நீளம் தெரியும் என்பது அப்படித்தான் உறுதியானது. 1938இல் ஹாம்னரும் பானரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: இத்தகைய செடிகள் அளப்பது உண்மையில் தொடர்ச்சியான இருட்டை. நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே கணக்கு கலைந்துவிடும்.

இதை வைத்துச் செடிகளை மூன்றாகப் பிரிக்கலாம். சாமந்தி, பாயின்செட்டியா, கலஞ்சோ போன்றவை நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கும். கொத்தமல்லி, பாலக் கீரை, சதகுப்பை, அருகுலா போன்றவை நேர் எதிர்: பகல் நீண்டால் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூத்தண்டு விட ஆரம்பிக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி இந்தக் கணக்கைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. வயதும் உடம்பும் வந்தால் பூத்துவிடும். ஸ்ட்ராபெர்ரியில் நீண்ட இரவு கேட்பதும் உண்டு, நாள்நீளம் பாராததும் உண்டு, நாற்று வாங்கும்போதே நாள்நீளம் பாராத வகையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது கூட்டத்துக்கு டைமர் பூவை வரவைக்கும் கருவி அல்ல. ஒளியின் அளவு, மின்கட்டணம், சூடு மூன்றையும் சமாளிக்கும் கருவி மட்டுமே. "பூக்கவில்லை, மணி நேரத்தைக் குறைக்கட்டுமா?" என்று மிளகாய் வளர்ப்பவர்கள் கேட்பதுண்டு. குறைத்தால் ஒளிதான் குறையும், பூ வராது.

ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஒளி? செடி சாப்பிடுவது மணிகளை அல்ல, ஒளித்துகள்களை. ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் ஒளியை மோல் கணக்கில் சொல்வார்கள், டிஎல்ஐ என்று பெயர். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளி, அதாவது விளக்கின் செறிவு, மைக்ரோமோலில் எவ்வளவோ, அதை மணி நேரத்தால் பெருக்கி, மறுபடி 0.0036ஆல் பெருக்க வேண்டும். தோராயமாக, பிஞ்சிலேயே வெட்டும் கீரையான மைக்ரோகிரீன்ஸுக்கு 6 முதல் 10 போதும். லெட்டூஸும் துளசி வகைகளும் 12 முதல் 17 கேட்கும். காய் காய்க்க வேண்டிய தக்காளி, மிளகாய்க்கு 20 முதல் 30 வேண்டும்.

மைக்ரோமோல் மீட்டர் விலை அதிகம், எல்லோரிடமும் இருக்காது. வெள்ளை எல்இடி என்றால் போனில் உள்ள லக்ஸ் மீட்டர் செயலியை வைத்தே ஒப்பேற்றலாம். போனை இலை நுனி இருக்கும் உயரத்தில், முன்பக்க கேமரா விளக்கைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். வரும் லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் ஏறக்குறையக் கிடைக்கும். 14,000 லக்ஸ் காட்டினால் 200 மைக்ரோமோல். அது 16 மணி நேரம் எரிந்தால் டிஎல்ஐ 11.5. போனுக்குப் போன் சென்சார் மாறும் என்பதால் பத்து இருபது சதவீதம் முன்பின் இருக்கும், பரவாயில்லை. ஊதா நிற விளக்குக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி உதவாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்தே காட்டும்.

மின்சாரமும் சூடும். 100 வாட் விளக்கு இழுக்கும் மின்சாரம் கடைசியில் கிட்டத்தட்ட முழுவதும் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. பெட்டியில் 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதே கணக்கு, பல விளக்குகளில் அது நூறு சொச்சம்தான்.

செடிக்கே ஒரு வரம்பு உண்டா? சில செடிகள் இடைவிடாத வெளிச்சத்தைத் தாங்காது. இது 24 மணி நேரப் பகுதியில் வருகிறது.

## ஒரே பார்வையில்

இலை உயரத்தில் 200 மைக்ரோமோல் தரும், உண்மையில் 100 வாட் இழுக்கும் ஒரே விளக்கை நான்கு விதமாக எரித்தால் (மிளகாயும் தக்காளியும் காய்க்க இதைவிட வலுவான விளக்கு வேண்டும், அவற்றின் வரிசைகள் நேரத்தை ஒப்பிட மட்டும்):

| | 12 மணி | 16 மணி | 18 மணி | 24 மணி |
|---|---|---|---|---|
| டிஎல்ஐ | 8.6 | 11.5 | 13.0 | 17.3 |
| 30 நாளுக்கு யூனிட் | 36 | 48 | 54 | 72 |
| 50,000 மணி நேர ஆயுள் எத்தனை ஆண்டு வரும் | 11.4 | 8.6 | 7.6 | 5.7 |
| கொத்தமல்லி, பாலக் | நல்லது | பூ வைக்கும் | சீக்கிரம் பூ வைக்கும் | வேண்டாம் |
| லெட்டூஸ் | விளக்கு பிரகாசமாக இருந்தால் சரி | நல்லது | நல்லது | தாங்கும் |
| மிளகாய் | ஒளி போதாது | நல்லது | மிக நல்லது | லாபமில்லை |
| தக்காளி | ஓரளவு | நல்லது | கூடுதல் லாபம் குறைவு | கெடும் |
| சாமந்தி, கலஞ்சோ பூக்க | இதுதான் | பூக்காது | பூக்காது | பூக்காது |

50,000 மணி நேரம் என்பது எல்இடி சில்லுகளுக்குச் சொல்லும் கணக்கு. அதற்கு முன்பே டிரைவரோ (சில்லுகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மின்விசிறியோ போய்விடுவதுதான் வழக்கம், அதனால் அந்த வரிசையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## 12 மணி எரிந்து 12 மணி அணைவது

கலஞ்சோ, சாமந்தி மாதிரி நீண்ட இரவு கேட்கும் செடியைப் பூக்க வைக்க வேண்டுமென்றால் வேறு வழியே கிடையாது. இருட்டு உண்மையான இருட்டாகவும் இருக்க வேண்டும். கதவிடுக்கில் வரும் ஹால் வெளிச்சம், இரவு தண்ணீர் ஊற்றப் போய் ஐந்து நிமிடம் போட்ட டியூப்லைட், இவை போதும் பூவைத் தள்ளிப்போட.

கொத்தமல்லியும் பாலக்கும் இலைக்காக வளர்ப்பவர்களுக்கும் 12தான் சரி. கொத்தமல்லி பூவுக்குத் தயாராவதை முன்கூட்டியே பார்க்கலாம்: அகலமாக, விசிறி போல வந்துகொண்டிருந்த இலைகள் நின்றுபோய், புதிதாக வருபவை நூல் நூலாகக் கிழிந்தாற்போல இருக்கும், நடுத்தண்டும் விறுவிறுவென்று மேலே ஏறும். அந்தக் கட்டத்தில் டைமரைக் குறைத்தாலும் திரும்பாது. விதைத்த நாளிலிருந்தே 12 வைத்திருந்தால் அறுவடைக் காலம் நீளும். அறை சூடாக இருந்தால் 12லும் பூக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாள்நீளமும் சூடும் சேர்ந்தே இதைச் செய்கின்றன.

மறைந்திருக்கும் செலவு விளக்கில் இருக்கிறது. அதே டிஎல்ஐயைக் குறைந்த நேரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் விளக்கு பெரிதாக வேண்டும். டிஎல்ஐ 13 வேண்டுமென்றால் 18 மணிக்கு 200 மைக்ரோமோல் போதும், 12 மணிக்கு 300 வேண்டும். மாதக் கட்டணம் ஒன்றாகவே வரும். ஆனால் விளக்குக்கு முதலிலேயே ஒன்றரை மடங்கு திறன் வேண்டும், எரியும் நேரத்தில் சூடும் அதே அளவு கூடும். மின்கட்டணம் குறையட்டும் என்று 12க்கு வந்துவிட்டுப் பெரிய விளக்கு வாங்குபவர்கள் சேமிப்பது ஒன்றுமில்லை.

வெயில் வரும் ஜன்னலோரம் வைத்து விளக்கைத் துணைக்கு மட்டும் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: வெயில் நேரமும் விளக்கு நேரமும் சேர்ந்ததுதான் செடிக்குப் பகல். காலை 6 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும் ஜன்னலில், விளக்கு மாலை 4 முதல் இரவு 10 வரை எரிந்தால், உங்கள் டைமர் 6 மணி நேரம் என்று சொல்லும், கொத்தமல்லி 16 என்று சொல்லும்.

## 16 மணி எரிந்து 8 மணி அணைவது

பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே பொருந்தும். லெட்டூஸ், துளசி வகைகள், நாற்றுகள், மிளகாய், தக்காளி எல்லாமே இதில் நன்றாக வரும். வீட்டார் தூங்கும் நேரத்தில் விளக்கும் தூங்கும் என்பது சின்ன விஷயம் போலத் தெரியலாம். கூடத்திலேயே செடி அலமாரி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

தக்காளிக்கு இது தாராளம். பசுமைக்குடில் சோதனைகளில் 14 மணி நேரத்துக்கு மேல் நீட்டியபோது தக்காளி விளைச்சல் கூடவில்லை. குடைமிளகாய் 20 மணி நேரம் வரை நன்றாக எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறோம், ஆனால் வெளிச்சத்தில் அவற்றின் பசி ஒன்றல்ல.

16இன் பலவீனம் மங்கலான விளக்கில்தான் தெரியும். மலிவான, கிளிப் மாட்டும் விளக்குகள் ஓரடி தூரத்தில் 100 மைக்ரோமோல்கூடத் தராமல் போகலாம். அதில் 16 மணி நேரம் என்றால் டிஎல்ஐ 6கூட எட்டாது. நாற்று நெட்டையாக, வெடவெடவென்று விளக்கை நோக்கி நீளும். அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை டைமரைத் திருப்புவது இல்லை, விளக்கைக் கீழே இறக்குவது. காசும் செலவாகாது, யூனிட்டும் கூடாது.

இன்னொரு பக்கம், லெட்டூஸுக்கு ஒளியைக் கூட்டிக்கொண்டே போனாலும் பிரச்சினைதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்க்கும்) லெட்டூஸ் முறையில் டிஎல்ஐ 17 வைக்கிறார்கள், ஆனால் மேலிருந்து கீழே விசிறிக் காற்று அடிக்க வைத்துத்தான். காற்றில்லாமல் வேகமாக வளர்ந்தால் உள்ளே சுருண்டிருக்கும் இளம் இலைகளுக்குக் கால்சியம் போய்ச் சேராமல் ஓரம் கருகும். உரக் குறை என்று நினைத்துக் கால்சியம் ஊற்றுபவர்கள் அதிகம். விசிறி போடுங்கள், அல்லது ஒளியைக் கொஞ்சம் குறையுங்கள்.

## 18 மணி எரிந்து 6 மணி அணைவது

16க்கும் 18க்கும் இடையில் ஒளி எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, மின்சாரமும் அதே அளவு. விளக்கை மாற்றாமல் நேரத்தை மட்டும் கூட்டினால் கிடைப்பது அவ்வளவே, பெரிய அதிசயம் எதுவும் நடக்காது.

விளக்கில் மங்கலாக்கும் வசதி இருந்தால்தான் 18 தன் முழு மதிப்பைக் காட்டும். இலை மீது ஒளியின் செறிவு கூடக்கூட, ஒவ்வொரு கூடுதல் ஒளித்துகளையும் இலை பயன்படுத்தும் விகிதம் குறைகிறது. ஆகவே அதே டிஎல்ஐயைப் பிரகாசமாக 12 மணி நேரம் கொடுப்பதைவிட, மங்கலாக 18 மணி நேரம் பரப்பிக் கொடுத்தால் லெட்டூஸ் போன்ற கீரைகள் கூடுதலாக வளர்கின்றன. மங்கலாக எரியும்போது எல்இடி சூடு குறைந்து, கொஞ்சம் திறமையாகவும் வேலை செய்யும். என் கருத்தில் 18ஐத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் இதுதான்: சின்ன விளக்கை வைத்துக்கொண்டு பெரிய விளக்கின் வேலையை வாங்கலாம்.

மிளகாய்க்கும், நாள்நீளம் பாராத ஸ்ட்ராபெர்ரிக்கும், வலுக் குறைந்த விளக்கின் கீழ் இருக்கும் நாற்றுகளுக்கும் 18 நல்ல தேர்வு. கொத்தமல்லி இருக்கும் தட்டில் வேண்டவே வேண்டாம்.

செலவு மின்சாரத்தோடு முடியாது. இலை கூடுதல் நேரம் நீரை வெளியேற்றுவதால் தொட்டி சீக்கிரம் காயும். ஹைட்ரோபோனிக் என்றால் சத்துநீரில் வெளிச்சம் படும் இடமெல்லாம் பாசி பிடிக்கும், செடி நிற்கும் வலைக் கிண்ணமான நெட்பாட்டின் ஓட்டைகளை மூடியே ஆக வேண்டும். 6 மணி நேர இருட்டைப் பகலிலா இரவிலா வைப்பது என்பதும் ஒரு முடிவு. நேரத்துக்கு ஏற்ப மின்கட்டணம் மாறும் இடங்களில், கட்டணம் உச்சத்தில் இருக்கும் மணிகளை இருட்டாக்கிவிட்டால் 18இன் கூடுதல் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். சூடான அறைக்கும் அதேதான்: உச்சி வெயில் நேரத்தை இருட்டாக வைத்துவிட்டு, இரவு முழுக்க எரிய விடலாம். செடிக்கு வெளியே சூரியன் எங்கே இருக்கிறது என்பது ஒரு பொருட்டில்லை. கூடாரமோ மூடிய அறையோ இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், படுக்கையறை மூலையில் செய்யாதீர்கள்.

## 24 மணி நேரமும்

"இருட்டில் செடி வளருவதில்லை, பிறகு எதற்கு அணைக்க வேண்டும்?" என்ற வாதம் பாதிதான் சரி. பகலில் இலை தன் தேவைக்கு மேல் செய்த சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்து, இரவில் அதை உடைத்து வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. இரவே வராவிட்டால் சில செடிகளில் இந்தக் கணக்கு குழம்பும்.

தக்காளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் இலை நரம்புகளுக்கு நடுவே வெளிர் மஞ்சள் திட்டுகள் வரும், இலை தடித்து மொடமொடப்பாகும், வளர்ச்சி பின்தங்கும். கத்தரிக்கும் இதே கதி. வெப்பநிலையும் இரவு பகல் மாறாமல் ஒரே சீராக இருந்தால் பாதிப்பு இன்னும் மோசம், வீட்டுக்குள் அப்படித்தான் இருக்கிறது. காட்டுத் தக்காளி இனங்களில் தாங்கும் தன்மை இருப்பதையும், அதில் பங்குள்ள ஒரு மரபணுவையும் 2014இல் கண்டறிந்தார்கள். நாம் வாங்கும் விதைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. மிளகாய் தக்காளி அளவுக்குக் கெடாது, ஆனால் கடைசி நான்கு மணி நேரத்துக்கான மின்சாரம் காயாகத் திரும்புவதில்லை.

ஆர்கிட் வகையான ஃபெலனாப்சிஸ், கலஞ்சோ போன்றவை இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. இவற்றுக்கு இருட்டை மறுப்பது சாப்பாட்டு நேரத்தை மறுப்பதுதான்.

சரி, எங்கேதான் பயன்? லெட்டூஸ் 24 மணி நேரத்தைத் தாங்குகிறது. அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மட்டும் விளக்கை அணைக்காமல் விட்டால் இலையிலுள்ள நைட்ரேட் அளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன, அந்தக் குறுகிய உபயோகம் நியாயமானது. ஒரு வாரம் பத்து நாளில் வெட்டிவிடும் மைக்ரோகிரீன்ஸுக்கும் கெடுதல் எதுவும் தெரிவதற்குள் அறுவடை முடிந்துவிடும். டைமர் கிடைக்காத வரை தற்காலிகமாக ஓட்டவும் சரி. மற்றபடி இதை நான் பரிந்துரைப்பதில்லை.

நேரத்தோடு பந்தயம் ஓடுபவர்கள்கூட இரவை முழுதாக ஒழிக்கவில்லை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட வேக இனப்பெருக்க முறையில், கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்க 22 மணி நேரம் விளக்கு எரிகிறது, 2 மணி நேரம் அணைகிறது. அங்கே நோக்கம் சீக்கிரம் பூத்து விதை வைப்பது. கோதுமை நீண்ட பகலில் விரைந்து பூக்கும் செடி, அதனால் அந்த எண்ணைக் கீரைக்குக் கொண்டுவர முடியாது.

## எல்லாம் ஒரே அலமாரியில் என்றால்

மேல் தட்டில் மிளகாய், கீழே கொத்தமல்லி, நடுவில் லெட்டூஸ், விளக்குகள் எல்லாம் ஒரே டைமரில். வீட்டு வளர்ப்பில் உண்மையான நிலைமை பெரும்பாலும் இதுதான். 14 மணி நேரம் வைத்து, ஒளியின் அளவைத் தூரத்தால் சரிசெய்யுங்கள்: மிளகாய்க்கு விளக்கை நெருக்கி, கொத்தமல்லிக்குத் தள்ளி. கொத்தமல்லி கொஞ்சம் சீக்கிரம் பூக்கும், மறுபடி விதைத்துக்கொள்ளலாம். இரண்டாவது டைமர் வாங்க முடிந்தால் இந்தச் சமரசமே தேவையில்லை.

மூடிய கூடாரத்தில் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும், விளக்கு அணைந்ததும் உள்ளே குளிர்ந்து ஈரப்பதம் ஏறும். விசிறியையும் விளக்கின் டைமரிலேயே மாட்டிவிட்டால் இலை நனைந்து பூஞ்சை வரும் நேரத்தில் காற்றும் நின்றுவிடும். விசிறிக்குத் தனி இணைப்பு கொடுங்கள்.

ஏற்கெனவே ஒரு நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் செடியை மாற்றுவதானால், நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டினாலோ குறைத்தாலோ போதும். நேரத்தையும் விளக்கின் தூரத்தையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், இலை வெளுத்தால் எதனால் என்று தெரியாமல் போகும். பழைய இலை எப்படியிருக்கிறது என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லவும் வேண்டாம், மாற்றத்துக்குப் பிறகு விரியும் இலைதான் சாட்சி.

அப்புறம் டைமர். சுற்றும் தட்டில் ஊசிகளை அழுத்தி வைக்கும் பழைய மாடல் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் அன்றிலிருந்து எல்லாமே இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், நீங்கள் கவனிக்கும் வரை. மிளகாய்க்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் பூக்க வைத்துக்கொண்டிருக்கும் கலஞ்சோ ஜன்னலோரமாக இருந்தால், விளக்கு அணைய வேண்டிய நேரம் இரவுக்குள் நீண்டு இருட்டைச் சுருக்கிவிடும். அதற்கு மட்டுமாவது உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.